கல்லூரி ஃபுட்பால் அணியின் பயிற்சி வாரத்தை அமைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2016 ஜனவரி 11, அரிசோனா மாநிலம் கிளெண்டேல். கல்லூரி ஃபுட்பால் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் நான்காவது கால்பகுதி. அலபாமா அப்போதுதான் ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) அடித்து, கிளெம்சனோடு 24-24 என்று சமன் செய்திருந்தது. அடுத்து பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். கிக்கர் ஆடம் கிரிஃபித் அப்படிச் செய்யவில்லை. பந்தை மெல்லத் தூக்கி ஓரமாகப் போட்டார். அங்கே ஓடி வந்த மார்லன் ஹம்ஃப்ரி அது தரையில் விழும் முன்பே பிடித்துவிட்டார். பந்து மறுபடியும் அலபாமாவிடம், சற்று நேரத்தில் ஒரு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது. கடைசியில் 45-40 என்று அலபாமா சாம்பியன்.

டிவியில் பார்த்தவர்கள் அதைக் கோச் நிக் சேபனின் துணிச்சல் என்றார்கள். துணிச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கிக்கை வாங்க நிற்கும் கிளெம்சன் வீரர்கள் ஒரு பக்கமாக நெருங்கி, மறுபக்கத்தைக் காலியாக விடுகிறார்கள் என்பதை அலபாமா கோச்சுகள் முன்பே வீடியோவில் கவனித்திருந்தார்கள். அந்த உதையையும் அந்த ஓட்டத்தையும் பயிற்சியில் செய்து பார்த்திருந்தார்கள்.

இதே கிரிஃபித்தை வைத்தே எதிர்ப்பக்கத்தையும் சொல்லலாம். 2013 நவம்பர் 30, ஆபர்ன் மைதானம், 28-28, ஒரு விநாடி பாக்கி. கிரிஃபித் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தை எட்டவில்லை. பின்னால் காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடிவிட்டார். ஆபர்னுக்கு 34-28 வெற்றி. ஃபீல்ட் கோல் உதைக்கும்போது களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் லைன்மேன்கள், அதாவது முன்வரிசையில் நிற்கும் பருத்த வீரர்கள். உதைப்பவனுக்குச் சுவராக நிற்பதுதான் அவர்கள் வாரம் முழுக்கப் பழகும் வேலை. திறந்த வெளியில் ஒரு வேகக்காரனைத் துரத்திப் பிடிப்பது அவர்களுடைய அன்றாடம் அல்ல.

இந்த வழிகாட்டி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியது, காலால் உதைத்தே ஆடும் கால்பந்தைப் பற்றியது அல்ல. அங்கே அணி நிர்வாகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் மாணவர்கள், பள்ளி அணிகளுக்குக் கோச்சாக உதவுகிறவர்கள், பிள்ளை ஆடுகிறான் என்பதால் புரிந்துகொள்ள நினைக்கும் பெற்றோர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். சனிக்கிழமை ரசிகர்களும் படிக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்டம் எப்படி இருக்குமோ அப்படிப் பயிற்சி இருந்ததா என்பதுதான் கேள்வி. பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது அதற்கு அப்புறம்தான்.

கடுமைக்கும் தயாரிப்புக்கும் உள்ள வித்தியாசம்

அடியாத மாடு படியாது என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் உண்டு. அதற்குப் பெரிய சாட்சியாகக் காட்டப்படுவது 1954ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு நடந்த முகாம். புதிதாக வந்த கோச் பேர் பிரையன்ட் வீரர்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனார். வறட்சிக் காலம், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. பத்து நாள் பயிற்சியில் குடிக்கத் தண்ணீர்கூடத் தரப்படவில்லை. சுமார் நூறு பேராகப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மிஞ்சியவர்கள் ‘ஜங்ஷன் பாய்ஸ்’ என்று பெயர் பெற்றார்கள்.

கதையை இந்த இடத்தில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். அந்த வருடம் அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தது, ஒன்பதில் தோற்றது. 1956ல் அவர்கள் ஒரு தோல்வியும் இல்லாமல் மண்டலச் சாம்பியன் ஆனது உண்மை. ஆனால் நடுவில் இரண்டு வருடம் புதிய வீரர்கள் வந்தார்கள், ஆட்டமுறை படிந்தது. எல்லாப் புகழையும் அந்தப் பத்து நாளுக்கே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 1: கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை. ஆட்ட நாள் எவ்வளவு இழுத்தாலும் 3 மணி நேரம் என்றே கணக்கு. ஆக மீதி 17 மணி. இதற்குள்தான் எடைப் பயிற்சி, வீடியோ பார்ப்பது, கோச்சுகளோடு உட்கார்ந்து பேசுவது, களத்தில் ஆடுவது எல்லாம் அடங்க வேண்டும். காயத்துக்கான சிகிச்சை இந்தக் கணக்கில் வராது.

‘விருப்பப் பயிற்சி’ என்று இன்னொரு சமாச்சாரம் உண்டு. வீரர்கள் தாங்களாகவே கூடிச் செய்வது, கணக்கில் சேராது. வந்தவர் வராதவர் பட்டியல் எடுக்கக் கூடாது என்பது விதி. வராதவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது நடைமுறை. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

17 மணி நேரத்தை நான் பிரித்தால் களத்துக்கு 7, வீடியோவுக்கும் பேச்சுக்கும் 7.5, எடைப் பயிற்சிக்கு 2.5 என்று வைப்பேன். களத்துக்கான 7 மணியில் ஞாயிறு 1, செவ்வாய் 2, புதன் 2, வியாழன் ஒன்றரை, வெள்ளி அரை. கோச்சுக்குக் கோச் இது மாறும். எப்படிப் பிரித்தாலும் களத்தில் கிடைப்பது பாதிக்கும் குறைவுதான் என்பது தெரிந்துவிட்டால், செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் வீணானால் வலிக்கும்.

படி 2: ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள்

பல அணிகளின் வாரம் கிட்டத்தட்ட இப்படித்தான் ஓடும். ஞாயிறு: நேற்றைய ஆட்டத்தின் வீடியோ, காயப் பரிசோதனை, உடம்பைத் தளர்த்த லேசான ஓட்டம். திங்கள்: விடுமுறை. வீரர்களுக்குத்தான். கோச்சுகள் அன்றைக்குத்தான் அடுத்த எதிரணிக்கான திட்டத்தை எழுதி முடிப்பார்கள். செவ்வாய்: முதல், இரண்டாம் டவுன்களுக்கான (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) அடிப்படைத் திட்டம், வாரத்தின் கனமான நாள். புதன்: மூன்றாம் டவுன், கோல் கோட்டுக்கு அருகில் ஆடுவது. வியாழன்: வேகம் மட்டும், மோதல் இல்லை. நேரம் முடியப்போகும்போது ஆடும் இரண்டு நிமிட அவசர ஆட்டமும், பந்தை உதைக்கும் சமயங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீமின் வேலைகளும் அன்றைக்கு. வெள்ளி: வாக்-த்ரூ, அதாவது நடந்தே செய்து பார்ப்பது. வெளியூர் ஆட்டம் என்றால் அப்புறம் பயணம்.

புதன் இரவுக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். வியாழக்கிழமை கோச்சுக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றும். அதை ஒரு தாளில் எழுதி அடுத்த வாரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். மூன்றே முறை செய்து பார்த்த பிளேயை (யார் எங்கே ஓடுவது என்று முன்பே வகுத்த ஒரு நகர்வு) ஒரு லட்சம் பேருக்கு முன்னால் ஆடச் சொன்னால், பதினொரு பேரில் ஒருவனாவது தப்பான பக்கம் ஓடுவான்.

படி 3: ஹாரன் சொல்வதைக் கேளுங்கள்

கல்லூரிப் பயிற்சி மைதானத்தில் முதலில் கவனத்தை இழுப்பது ஹாரன்தான். இரண்டு மணி நேரப் பயிற்சியை ஐந்து நிமிடத் துண்டுகளாக, 24 பீரியட்களாக வெட்டியிருப்பார்கள். பெரிய டிஜிட்டல் பலகையில் பீரியட் எண் ஓடும். ஹாரன் அடித்ததும் செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். நடக்கக் கூடாது. தொடக்கத்தில் வீரர்கள் அவரவர் கோச்சோடு தனித் திறன் பழகுவார்கள், பிறகு சிறு குழுக்கள், கடைசியில் பதினொருவருக்குப் பதினொருவர்.

இந்தப் பதினொருவர் பீரியட்டில்தான் கணக்குப் போட வேண்டும். 30 விநாடிக்கு ஒரு பிளே ஓடினால் ஐந்து நிமிடத்தில் 10. அப்படி ஆறு பீரியட் இருந்தால் 60. யாரோ மெதுவாக வந்து நின்று, கோச் இடையில் நிறுத்தி இரண்டு வார்த்தை திட்டி, 45 விநாடிக்கு ஒரு பிளே என்று நழுவினால் அதே நேரத்தில் 40தான் கிடைக்கும். ஒரே நாளில் 20 பிளே போய்விட்டது. ஓர் ஆட்டத்தில் ஒரு தாக்குதல் அணி ஆடுவதே 65, 70 பிளேக்கள் அளவில்தான்.

2009 முதல் 2012 வரை ஓரிகானில் கோச்சாக இருந்த சிப் கெல்லி இதைத்தான் பிடித்துக்கொண்டார். பயிற்சி முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு அலறும், பிளேக்கு அடுத்து பிளே ஓடிக்கொண்டே இருக்கும். யாரையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவது கிடையாது. தப்பு செய்தவனுக்கு அதைச் சொல்வது பிறகு வீடியோ அறையில். நான்கு சீசனில் 46 வெற்றி, 7 தோல்வி. எதிரணிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ஓரிகான் அடுத்த பிளேக்கு வரிசையில் நின்றிருக்கும். அந்த வேகத்துக்காகத் தனியாக ஓட்டப் பயிற்சி வைக்க வேண்டியதில்லை, பயிற்சியின் வேகமே அதுதான்.

இதை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. புதிய வீரர்கள் நிறைந்த அணிக்கு நிறுத்திச் சொல்லித்தர வேண்டிய நேரம் உண்டு. அதைப் பயிற்சிக்கு முந்தைய பதினைந்து நிமிட வாக்-த்ரூவில் முடித்துவிடுங்கள்.

படி 4: ஸ்கவுட் டீமைக் கவனியுங்கள்

ஓர் அணி நன்றாகத் தயாராகிறதா என்று தெரிய, நான் முதலில் பார்ப்பது தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் நட்சத்திர குவாட்டர்பேக்கை அல்ல, ஸ்கவுட் டீமை. ஆட்ட நாளில் களமிறங்காத முதலாண்டு மாணவர்களும், உதவித்தொகை இல்லாமல் தாங்களாகவே வந்து சேர்ந்த ‘வாக்-ஆன்’ மாணவர்களும் அந்த வார எதிரணியாக வேடம் போடுவார்கள். எதிரணியின் ஆபத்தான ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) 4ஆம் எண் என்றால், இங்கே அவன் வேலையைச் செய்பவனுக்கும் 4ஆம் எண் மேலங்கி.

கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். உதவிக் கோச் ஒருவர் தடித்த கோப்பை விரித்துத் தலைக்கு மேல் பிடிக்கிறார். பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டை. பதினொரு வட்டம், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்பு, பந்து போகவேண்டியவனின் வட்டத்துக்கு மட்டும் சிவப்பு. பதினொரு பேரும் குனிந்து தங்கள் வட்டத்தைத் தேடுகிறார்கள். மூன்று, நான்கு விநாடி. கோப்பு மூடுகிறது. அவர்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்கிறார்கள். இப்போது எதிரே இருக்கும் முதல்நிலைத் தடுப்பு அணி பார்ப்பது எதிரணியின் நிஜ பிளேயா, அதன் சோம்பலான நகலா என்பதை முடிவு செய்வது அந்த 18, 19 வயதுப் பையன்கள்தான்.

இங்கேதான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். ஸ்கவுட் ரிசீவர் முக்கால் வேகத்தில் ஓடுகிறான். தடுப்பவன் அவனை எளிதாக ஒட்டிக்கொள்கிறான். கோச் கைதட்டுகிறார், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சனிக்கிழமை நிஜ 4ஆம் எண்காரன் முழு வேகத்தில் வரும்போது அதே தடுப்பவன் இரண்டு அடி பின்னால் இருப்பான். தப்பு சனிக்கிழமை நடந்ததாகத்தான் ஸ்கோர்போர்டு காட்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்கவுட் அட்டையைத் தெளிவாக வரையுங்கள். அதைப் பிடிக்கும் வேலையை ஆர்வமில்லாத ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். ஸ்கவுட் வீரன் முழு வேகத்தில் ஓடி முதல்நிலை வீரனைத் தோற்கடித்தால், எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டுங்கள். ‘பயிற்சிதானே, ஏன் இவ்வளவு வேகம்’ என்று சீனியர் முறைத்தால் முறைத்தவரிடம் பேசுங்கள். வாரத்தின் சிறந்த ஸ்கவுட் வீரன் என்று ஒருவரை அறிவிக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. செலவில்லாத, பலன் தரும் வழக்கம்.

ராணுவம், கடற்படை அகாடமி அணிகளோடு மோதும் வாரத்தில் இந்த வேலை இன்னும் கஷ்டம். அவர்கள் நெடுங்காலமாக ஆடிவந்த ‘டிரிபிள் ஆப்ஷன்’ முறையில், பந்து மூன்று பேரில் யாரிடம் போகும் என்பது ஓடும்போதுதான் முடிவாகும். ஸ்கவுட் குவாட்டர்பேக்கால் ஒரு வாரத்தில் அந்தக் கைவேகத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் சில கோச்சுகள் பந்தே இல்லாமல் அந்த பிளேயை ஓடவைப்பார்கள். பந்தைத் தேடாமல், தனக்கு ஒதுக்கிய ஆளைப் போய்ப் பிடிக்கும் பழக்கம் தடுப்பு அணிக்கு வருவதற்காக.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். முன்பு முதல்நிலைக் கல்லூரிகளில் உதவித்தொகை 85 பேருக்கு, அதற்கு மேல் வாக்-ஆன்களைச் சேர்த்து 120க்கு மேல் வைத்திருந்த அணிகள் பல. 2025ல், வீரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் அணிக்கு 105 பேர்தான் வரம்பு. உதவித்தொகை வரம்பு போய்விட்டது நல்லதுதான். ஆனால் ஸ்கவுட் டீமுக்கு ஆள் குறைகிறது. இருப்பவர்களே இரண்டு வேலை செய்தால் வியாழனுக்குள் கால் கனத்துவிடும். அட்டை பிளேக்களைக் குறைத்து, அவற்றைத் தரமாக ஓடவைப்பதே இப்போதைக்கு நல்ல வழி.

படி 5: சத்தத்தைப் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள்

மிச்சிகன் மைதானத்தின் இருக்கை 107,601. பென் ஸ்டேட்டின் பீவர் மைதானமும் லட்சத்தைத் தாண்டியது. இங்கெல்லாம் வெளியூர் அணி மூன்றாம் டவுனுக்கு நிற்கும்போது எழும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவன் சொல்வதே கேட்காது. ஐந்து யார்டு பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கின் குரல் லைன்மேனுக்கு எட்ட வாய்ப்பே இல்லை.

அதற்குத்தான் மௌன எண்ணிக்கை. முன்வரிசையின் நடுவில் சென்டர் பந்தின் மேல் கை வைத்துக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் கார்டு தலையைத் திருப்பிக் குவாட்டர்பேக்கைப் பார்க்கிறார். குவாட்டர்பேக் தயார் என்று காலைத் தூக்கி வைக்கிறார். கார்டு சென்டரின் தொடையில் ஒரு தட்டு தட்டுகிறார். சென்டர் தலையை நிமிர்த்துகிறார். மனதுக்குள் ‘ஒன்று’. பந்து பின்னால் போகிறது. ஓரத்தில் நிற்கும், டேக்கிள் என்று பெயர் கொண்ட லைன்மேன்கள் அந்தத் தலை அசைவைக் கடைக்கண்ணில் பிடித்தே கிளம்ப வேண்டும். ஒருவன் கால் விநாடி முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு அபராதம். பிந்தினால் குவாட்டர்பேக் தரையில்.

பெரிய ஸ்பீக்கர்களை மைதான ஓரத்தில் வைத்துக் கூட்டச் சத்தத்தை ஓடவிடுவது எல்லா அணிகளும் செய்வதுதான். பலர் வியாழக்கிழமை பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெளியூர் ஆட்ட வாரத்தில் செவ்வாயிலிருந்தே, பதினொருவர் பீரியட்கள் அனைத்திலும் சத்தம் இருக்கட்டும். கோச்சுகளுக்குத் தொண்டை கட்டும், பரவாயில்லை.

தட்டிய பிறகு எப்போதும் ‘ஒன்று’ எண்ணியே பழகினால் எதிரணித் தடுப்பு வீரர்களும் சேர்ந்து எண்ணக் கற்றுக்கொள்வார்கள், அவர்களும் வீடியோ பார்க்கிறார்கள் அல்லவா? சில பிளேக்களில் ‘இரண்டு’ என்று மாற்றுங்கள், அதையும் வாரம் முழுக்கப் பழகுங்கள்.

மழை வாய்ப்பு இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் பந்துகளை முக்கி வைத்து, அவற்றைக் கொண்டே ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் தருவது) செய்யச் சொல்லுங்கள்.

படி 6: எவ்வளவு மோதுவது?

விவாதம் சூடாகும் இடம் இது. டேக்கிள் செய்து, அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்திப் பழகாதவன் ஆட்டத்தில் டேக்கிள் செய்ய மாட்டான் என்பது பழைய தலைமுறையின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

டார்ட்மவுத் கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். 2008ல் பத்து ஆட்டத்திலும் தோல்வி, 2009ல் இரண்டே வெற்றி. 2010ல் கோச் பட்டி டீவன்ஸ், பயிற்சியில் சக வீரனைத் தரையில் வீழ்த்தும் டேக்கிளையே நிறுத்திவிட்டார். உடம்பு மொத்தமும் காயமாகிக் கிடந்த அணி அது. அடுத்து வந்த வருடங்களில் டேக்கிளை மனிதன் மேல் அல்லாமல் மெத்தைகள், உருளும் வளையங்கள், பிறகு அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்களே உருவாக்கிய, ரிமோட்டில் ஓடும் பொம்மை ஆகியவற்றின் மேல் பழகினார்கள். 2010ல் ஆறு வெற்றி, 2014ல் எட்டு, 2015ல் ஒன்பது வெற்றியோடு, டார்ட்மவுத் ஆடும் ஐவி லீக் தொடரின் பட்டத்தில் பங்கு. 2016ல் ஐவி லீக் முழுவதுமே சீசன் காலப் பயிற்சியில் முழு டேக்கிளை விலக்கியது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டேக்கிள் செய்வதை அவர்கள் விடவில்லை, ஆள் மேல் செய்வதைத்தான் விட்டார்கள். சக வீரனுக்கு அடிபடும் என்ற தயக்கம் இல்லாததால் தலையை எங்கே வைப்பது, கால் எங்கே ஊன்றுவது என்பதையெல்லாம் நிறையத் தடவை, முழு வேகத்தில் பழக முடிந்தது.

2021ல் ஜாமா நியூராலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆறு கல்லூரிகள், ஐந்து சீசன்கள். அதில் பதிவான தலை அதிர்ச்சிக் காயங்களில் 72 சதவீதம் நடந்தது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். கிட்டத்தட்ட பாதி, சீசனுக்கு முந்தைய சில வாரங்களில். அதே ஆண்டு என்சிஏஏ விதிகளை இறுக்கியது. சீசனுக்கு முந்தைய 25 பயிற்சிகளில் மோதல் உள்ளவை அதிகபட்சம் 18, முழுக் கவசத்தோடு 9, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி முட்டவிடும் ‘ஓக்லஹோமா டிரில்’ வகையறாக்கள் மொத்தமாகத் தடை.

நடுவழி ஒன்று இருக்கிறது. ‘தட்’ என்பார்கள். முழு வேகத்தில் வந்து மோதிப் பிடிக்கலாம், ஆனால் ஆள் தரையில் விழக் கூடாது. செவ்வாய், புதன் பயிற்சிகளுக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. இங்கே ஒழுங்கு குலைவது எப்போதும் கடைசிப் பீரியட்களில்தான். களைப்பில் யாராவது காலுக்குப் பாய்வான், முட்டி போகும். ஹாரனை முன்கூட்டியே அடித்தாலும் நஷ்டமில்லை.

படி 7: கலைத்துப் போட்டுப் பழகுங்கள்

1979ல் ஜான் ஷே, ராபின் மோர்கன் என்ற இருவர் செய்த சோதனை இது. மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டி வீழ்த்துவது வேலை. ஒரு குழு ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு வரிசைகள் கலந்து கலந்து வந்தன. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகம். சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள்.

ஃபுட்பால் கோச்சுக்கு இதில் வேலை இருக்கிறது. கிக்கர் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து பதினைந்து முறை உதைத்து பதினான்கு உள்ளே போட்டால் பார்க்க அழகு. ஆட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, திடீரென்று இடது ஓரத்திலிருந்து ஒரே ஒரு உதை. ஆகவே பயிற்சியின் நடுவே, முன்னறிவிப்பு இல்லாமல், கடிகாரம் ஓட ஓட ஃபீல்ட் கோல் அணியைக் கூப்பிடுங்கள். ஓர் உதை. போய் உட்காரட்டும். இருபது நிமிடம் கழித்து வேறு தூரத்திலிருந்து இன்னொன்று. குவாட்டர்பேக்குக்கும் இப்படித்தான்: ஒரே பாஸைப் பத்து முறை எறிவது ஆகஸ்டுக்குச் சரி, அக்டோபருக்குச் சரியல்ல.

இதனால் செவ்வாய்ப் பயிற்சி அசிங்கமாகத் தெரியும். தலைமைக் கோச்சுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார்.

விதி மாறும்போது பயிற்சியும் மாற வேண்டும். 2024 முதல் முதல்நிலை அணிகளில் கோச் ரேடியோ மூலம் களத்தில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பேசலாம், ஆனால் அடுத்த பிளேயைத் தொடங்க மீதமுள்ள நேரத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி அமைப்பை மாற்றினால் குவாட்டர்பேக் தனியாள். பயிற்சியிலும் 15ல் வாயை மூடும் ஒழுக்கம் கோச்சுகளுக்கு வேண்டும். வீரர்களைவிட இவர்களைப் பழக்குவதுதான் சிரமம்.

படி 8: வெயிலை எதிரியாக நினைத்துத் திட்டம் போடுங்கள்

2018 மே 29 அன்று மேரிலண்ட் பல்கலைக்கழக அணியின் 19 வயது வீரர் ஜோர்டன் மெக்நேர், ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகி ஜூன் 13ல் இறந்தார். அவருடைய உடல் வெப்பம் உடனடியாக அளக்கப்படவில்லை, குளிர்ந்த நீரில் அமிழ்த்தவும் இல்லை என்று பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது.

பயிற்சி தொடங்கும் முன்பே ஐஸ் தண்ணீர் நிரம்பிய தொட்டி மைதானத்திலேயே இருக்க வேண்டும். வெப்பத் தாக்கம் என்றால் முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. ஆகஸ்ட் பயிற்சியின் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், கவசம் படிப்படியாக. தண்ணீர் கேட்பதைப் பலவீனமாகப் பார்க்கும் ஒரு கோச் இருந்தாலும் அந்த மைதானம் ஆபத்தானது. பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் மருத்துவக் குழுவிடம் இருக்க வேண்டும், கோச்சிடம் அல்ல.

படி 9: ஞாயிற்றுக்கிழமை எதை எண்ணுவது

ஸ்கோரை ஒதுக்கிவிட்டு வீடியோவில் நான்கைத் தேடுங்கள். பந்து நகரும் முன்பே விழுந்த அபராதங்கள். நழுவவிட்ட பந்துகள், அதில் ஓடுபவன் பந்தை எந்தக் கையில், உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருந்தான் என்பது. நான்காவது கால்பகுதியில் விட்ட டேக்கிள்கள். ஆள் எண்ணிக்கை தப்பாகியோ குழம்பியோ வீணான டைம்-அவுட்கள். இவற்றில் எதிரணியின் திறமைக்குப் பங்கு குறைவு, உங்கள் பழக்கத்துக்கே பங்கு அதிகம்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வாரச் செவ்வாய், புதன் பயிற்சி வீடியோவைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை பந்தை நழுவவிட்டவன் செவ்வாய்க்கிழமையும் அதை இடுப்பருகே தளர்வாகத்தான் வைத்திருப்பான், அங்கே யாரும் தட்டிவிடவில்லை, அவ்வளவுதான். பயிற்சி வீடியோவிலும் அதே தப்பு இருந்தால் அதைச் சொல்லாமல் விட்ட கோச்சின் பெயரை எழுதுங்கள். பயிற்சியில் அப்படி ஒரு நிலைமையே வரவில்லை என்றால் அடுத்த செவ்வாய்க்கு அதற்கொரு பீரியட் ஒதுக்குங்கள். பயிற்சியில் ஒழுங்காகச் செய்து ஆட்டத்தில் மட்டும் தவறியிருந்தால், இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.